மேல் வாசலில் கழற்றிய சப்பாத்து

கழற்றிய இடத்தில்தான் சப்பாத்து இருக்கும். போன வாசலால்தான் திரும்பி வருவோம். கோயிலுக்குப் போகிற எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் போனது அந்த ஊரைக் கட்டியவர்களுக்குத்தான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. கதைப்பதும் குறைவு. ஆனால் இந்தக் கதையை மொன்றியலில் ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். (நான் கழுதையில் வந்தேன் என்றும் ஒரு கதை. அது குதிரை.) அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

எங்கள் மகள் ஒரு பெடியனை விரும்பினாள். நல்ல பெடியன். தாய் தகப்பனைத் தவிர வேறு குறையில்லை. தகப்பன் மன்னாரில் கணக்கு மாஸ்ரராக இருந்தவர். மொன்றியலில் என்ன வேலை செய்தாலும் எல்லாருக்கும் மாஸ்ரர்தான். வீடு இல்-பிசாரில், பெரிய வளவோடு. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு கிட்டங்கியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். அவர் ஒரு சொல் சொல்ல மூன்று தரம் யோசிப்பார். அவர் மனைவி றெஜினா அக்கா எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். கலியாணத்தைப் பற்றிக் கேட்டபோதும் "பாப்பம்" என்றார். எங்கள் ஆட்களிடம் "பாப்பம்" என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு வேலை பார்த்தார்கள். கோடை விடுமுறைக்கு பெற்றோர் எங்கள் நாலு பேரையும் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கிரேக்கம், துருக்கி என்று கரை கரையாகப் போகிற கப்பல். நடுக்கடலில் ஒருவரும் கோபித்துக்கொண்டு எழும்பிப் போக முடியாது. நல்ல யோசனைதான். பழகிப் பார்த்து, திரும்பி வந்து முடிவைச் சொல்லச் சொன்னார்கள்.

விமான நிலையத்தில் மகள் என் காதுக்குள் சொன்னாள். "அப்பா, அங்கை போய் ஒண்டும் செய்யாதேங்கோ."

நான் ஒன்றும் செய்யவில்லை. கப்பலில் சாப்பிட்டேன். படுத்தேன். மாஸ்ரர் கடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். றெஜினா அக்கா என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. அண்ணையும் இல்லை, தம்பியும் இல்லை. என் மனிசியிடம்தான் கேட்பார், "இவர் தேத்தண்ணி குடிப்பாரோ?" என்று. நான் பக்கத்திலேயே நிற்பேன்.

துருக்கியில் இறங்கிய அன்றுதான் எல்லாம் நடந்தது.

அன்றைய பயணத்தில் இரண்டு இடம். முதலில் மலையில் மாதா கடைசிக் காலத்தில் இருந்ததாகச் சொல்லும் சின்ன வீடு. பிறகு எபேசு நகரத்து இடிபாடுகள். கலியாணப் பூசையில் பவுல் என்கிற சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபம் என்று வாசிப்பார்களே, அந்த எபேசு. பிள்ளைகள் மொன்றியலில் பதிந்தபடியால் எங்களுக்குக் கிடைத்தது பிரெஞ்சு பஸ். உள்ளே முழுக்கக் கியூபெக் கிழவன் கிழவிகள். வழிகாட்டி ஒரு துருக்கிப் பெண், கையில் மஞ்சள் குடை. துறைமுகத்தில் இருந்து பஸ் கடற்கரை ஓரமாகப் போனது. தண்ணீர் அப்படி ஒரு நீலம் என்று எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் நித்திரை. அந்த நேரத்தில்தான் அந்த வழிகாட்டிப் பிள்ளை முக்கியமான விபரம் எல்லாம் சொல்லியிருக்கிறது. (என்னை ஒருவரும் எழுப்பவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

மாதா வீட்டில் நாங்கள் நாலு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஊரில் மடு மாதா கோயிலில் சப்பாத்தோடு நிற்போமா? கியூபெக் ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். அவர்களும் கழற்றினார்கள். கும்பிட்டு, மெழுகுதிரி கொளுத்தி, வெளியே வந்து போட்டுக்கொண்டோம். மாஸ்ரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கப்பலேறிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் தலையாட்டு. எனக்குத் துணிவு வந்தது. பிழை அங்கேதான் தொடங்கியது.

எபேசின் வாசலில் இறங்கினோம். கீழே பள்ளத்துக்கு இறங்குகிற சலவைக்கல் தெரு. தூண்கள், தலையில்லாத சிலைகள், எங்கே பார்த்தாலும் பூனைகள். மஞ்சள் குடை ரிக்கெட் எடுக்கப் போயிருந்தது. என் மனிசி, "இஞ்சாரப்பா, அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் பிரசங்கம் வைச்ச ஊர் இது" என்றாள்.

எனக்கு வேறு என்ன வேண்டும்? ஒரு மதில் ஓரம் போய்ச் சப்பாத்தைக் கழற்றினேன். மனிசியும் கழற்றினாள். றெஜினா அக்காவும் கழற்றினார். மாஸ்ரர் மட்டும் நின்றார். அவருக்குச் சீனி வருத்தம். வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லி, மகன் விசேஷமாகச் செய்வித்துக் கொடுத்த சப்பாத்து அது.

"இஞ்சையும் கழட்ட வேணுமோ?" என்றார்.

"சின்னப்பர் நடந்த தெரு, மாஸ்ரர்" என்றேன்.

மூன்று தரம் யோசித்தார். கழற்றினார். காலுறையை மட்டும் விட்டுவைத்தார். கியூபெக் கிழவி ஒருத்தி என்னிடம் வந்து, கழற்றத்தான் வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். "உய், மதாம்" என்றேன். கிட்டங்கிப் பிரெஞ்சு அதற்குப் போதும். பிறகு பஸ்ஸே கழற்றியது. நான் நின்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டேன். அடுக்குவது என் தொழில்.

மஞ்சள் குடை வந்தது. யாருடைய காலையும் பார்க்கவில்லை. விறுவிறு என்று இறங்கியது. நாங்களும் இறங்கினோம். பாதித் தெருவில் வெயில் ஏறியது. சலவைக்கல் தோசைக்கல் ஆனது. வழிகாட்டி நூலகத்தைப் பற்றிச் சொன்னாள். நாங்கள் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்று கேட்டோம். பெரிய அரங்கத்தைக் காட்டியபோது, பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் ஒரே தூணின் நிழலுக்குள் நின்றோம். றெஜினா அக்கா மாஸ்ரரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு "பாப்பம்" எவ்வளவோ மேல்.

தெரு முடிந்தது. ஒரு வாசல் வந்தது. வெளியே எங்கள் பஸ் நின்றது.

நான் வழிகாட்டியிடம், எப்போது மேலே திரும்பிப் போகிறோம் என்று கேட்டேன். திரும்பிப் போவதில்லை, எல்லாரும் மேல் வாசலால் வந்து கீழ் வாசலால் போவதுதான் என்றாள். அப்போதுதான் என் காலைப் பார்த்தாள். பிறகு எல்லாருடைய காலையும் பார்த்தாள். குடையை மடக்கினாள்.

மாஸ்ரர் பஸ் படியில் இருந்தபடி மெதுவாகச் சொன்னார். "பஸ் கீழ்வாசலிலை நிக்கும் எண்டு அந்தப் பிள்ளை வரேக்கையே சொன்னது."

"பிறகேன் மாஸ்ரர் கழட்டினனீங்கள்?"

"நீங்கள் அவ்வளவு உறுதியாச் சொன்னனீங்கள். சப்பாத்தை ஆரோ கீழை கொண்டுவந்து தருவினம் எண்டு நினைச்சன்."

கணக்கு மாஸ்ரர். என்னை நம்பியிருக்கிறார்.

காலுறையின் அடியில் ஓட்டை விழுந்திருந்தது. சீனி வருத்தக்காரரின் கால். புண் ஒன்று வந்தால் லேசில் மாறாது. என் மகளின் கலியாணம் அந்த ஓட்டைக்குள்ளால் ஒழுகிப் போவது எனக்குத் தெரிந்தது. கப்பல் காத்திராது, சுணங்கினால் விட்டுவிட்டுப் போவோம் என்றாள் வழிகாட்டி.

"நான் போறன்" என்றேன்.

கீழ் வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. பக்கத்தில் சுற்றுலா ஆட்களை ஏற்றுகிற குதிரை வண்டி ஒன்று நின்றது. குதிரைக்குக் குஞ்சம், கழுத்தில் மணி. ஏறினேன். வண்டிக்காரருக்கு என் வெறுங்காலையும் மேட்டையும் காட்டினேன். ஆள் வெளிப்பாதையால் விரட்டினார்.

மேலே போய்ப் பார்த்தால், நான் அடுக்கிய வரிசை மதில் முடியும்வரை நீண்டிருந்தது. பின்னால் வந்த பஸ்காரர்களும் அதுதான் அந்த ஊர் வழக்கம் என்று கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். எது எங்கள் பஸ், எது மற்ற பஸ்? தெரியாது. எல்லாவற்றையும் ஏற்றினேன். அவர்களும் கீழ் வாசலுக்குத்தானே வரவேண்டும். (அந்த நேரத்திலும் என் மூளை வேலை செய்தது.)

திரும்பி வந்தபோது பஸ் நின்றது. மணிச் சத்தத்தோடு, சப்பாத்துக் குவியலின் மேல் நான். கியூபெக் ஆட்கள் கை தட்டினார்கள். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. மாஸ்ரரின் சப்பாத்தைத் தேடி எடுத்தேன். படிக்குக் கீழே முழங்காலில் இருந்து, காலுறையைக் கழற்றி, போத்தல் தண்ணீர் ஊற்றி, என் கைலேஞ்சியால் துடைத்துப் பார்த்தேன். சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை. புண் இல்லை. சப்பாத்தை மாட்டி நாடாவைக் கட்டினேன். பெரிய வியாழனுக்குக் கோயிலில் சுவாமியார் கால் கழுவுவாரே, ஏறத்தாழ அப்படி.

எழும்பவில்லை. எழும்பினால் றெஜினா அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

மேலே இருந்து அவருடைய குரல் வந்தது.

"காணும், சம்பந்தி. எழும்புங்கோ. கப்பல் போகப்போகுது."

என் மனிசி பஸ்ஸுக்குள் அழத் தொடங்கிவிட்டாள். மாஸ்ரர் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதை அன்றுதான் கண்டேன். மிச்சச் சப்பாத்துகளைக் கீழ் வாசல் ஓரம் ஒழுங்காக அடுக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கலியாணம் மொன்றியலில் சிறப்பாக நடந்தது. வாசகம் வாசிக்க வந்த பெடிச்சி "எபேசியருக்கு எழுதிய" என்று தொடங்கியதும் முன்வாங்கில் இருந்த அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள். சுவாமியாரும் பார்த்தார். அவருக்கு யார் சொன்னதென்று தெரியவில்லை.

நான் இன்றைக்கும் சொல்கிறேன். கழற்றியது பிழையில்லை. வாசல்தான் பிழை.

மாஸ்ரர் சம்பந்தி டொலார்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். முன்வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். ஆனால் அங்கே விடமாட்டார். டெப்பனர் கடைப் பை ஒன்றைச் சட்டைப் பைக்குள் இருந்து எடுத்து, சப்பாத்தை அதற்குள் போட்டு, கையோடு குசினிக்குள் கொண்டுவந்து கதிரைக்குக் கீழே வைப்பார். மாரி காலத்தில் பனிச் சப்பாத்தும் அப்படித்தான். பை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர்.

"ஆர் கண்டது, சம்பந்தி" என்பார். "வெளிக்கிடேக்கை எந்த வாசலோ."

எங்கள் வீட்டுக்குப் பின்வாசலும் ஒன்று இருக்கிறது. அதனால் நான் தரை துடைக்கிற சீலையை எடுக்கிறேன்.