ஷ்மாக்கின் படைத்த பதில் சொல்லும் பெட்டி

கேளுங்கள், பெர்ம் நகரத்தீரே! ஈயப்புகை மாலை சூடியோனும், பற்றவைப்புக் கோலே வாளாக ஏந்தியோனும், ஆலைக் குப்பையின் கம்பிச்சுருள்களைக் கோட்டுப்பையில் சிறைப்பிடித்துக் கொணர்ந்தோனும், சொந்த வீட்டுக் குழாய் மூன்றாண்டாய் ஒழுகியும் கலங்காத நெஞ்சினனுமாகிய எங்கள் ஐந்தாம் மாடி ரொதியோன் ஷ்மாக்கினின் பெரும்புகழை, வேறு வேலையற்ற நான் பாடப் புகுந்தேன்.

அவன் மனைவி தயீசியா சலவை இயந்திரத்துக்காகக் கடையின் வரிசைப் பட்டியலில் பெயரெழுதி நான்காண்டு காத்திருந்தாள். முறை வந்ததும் கடையிலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். பதில் இல்லையேல் அடுத்த பெயர். வீட்டில் ஆளில்லாதபோது அழைத்தால்? அடடா, இந்த ஒரு கேள்வி போதாதா நம் மாவீரனுக்கு! பழைய டேப் ரிக்கார்டரின் குடலை உருவி, சமையல் மேசையை ஒன்பது வாரம் முற்றுகையிட்டு, பீட்ரூட் சூப்பைக் குளியலறைக்கு நாடுகடத்தி, தானே பதில் சொல்லும் பெட்டியைப் படைத்தான். தன் குரலைப் பதிய மைக் ஒன்றுதான் குறைந்தது. தொலைபேசிக் கைப்பிடியின் வாய்ப்பக்கத்தைத் திருகித் திறந்து, உள்ளிருந்த மைக்கைப் பிடுங்கிப் பெட்டியில் பொருத்தினான்.

"ஏன் ரோத்யா, இனிமே நாம பேசினா எதிர்ல கேக்குமாய்யா?" என்று தயீசியா கணவனைச் செல்லப்பெயரால் அழைத்துக் கேட்டாள்.

"நாம ஏன்டி பேசணும்? அது பேசும்!" என்று முழங்கினான் வீரன்.

சனிக்கிழமை முற்பகல், இருவரும் வீட்டில் இருக்கும்போதே மணி அடித்தது. தயீசியா பாய்ந்தாள்.

"தொடாதே! இது அதனுடைய போர்!"

பெட்டி கனைத்தது, நாடா சுழன்றது, "மதிப்பிற்குரிய தோழரே" என்று தொடங்கி ஷ்மாக்கினின் குரல் ஒரு நிமிடம் முழுக்கத் தன்னைத்தானே வாழ்த்திக்கொண்டு ஓய்ந்தது. பிறகு பெட்டியிலிருந்து கடைக்காரியின் குரல் வந்தது.

"என்னய்யா இது, ரேடியோவா? ஷ்மாக்கின் வீடுதானே? வாஷிங் மெஷின் வந்திருக்கு. வேணுமா வேணாமா? சட்டுன்னு சொல்லுங்க."

தயீசியா கைப்பிடியைப் பறித்தாள். "வேணும்மா! இதோ கிளம்பிட்டோம்! வேணும்!" என்று எட்டாம் மாடி வரை கேட்கக் கத்தினாள். மைக் இல்லாத கைப்பிடி வழியே ஒரு மூச்சுக்கூடப் போகவில்லை.

"வாயத் தொறக்க மாட்டேங்கறாங்களே... சரி, பேரை அடிச்சு விடு. அடுத்தது யாரு?"

தொடர்பு அறுந்தது. பகைவர் நடுங்கும் பேராற்றல் பெட்டியோ, அத்தனையையும் ஒரு சொல் சிதறாமல் பதிந்திருந்தது. ஷ்மாக்கின் நாடாவைத் திருப்பி ஓட்டினான். கண் கலங்க, வெற்றிக்களத்தில் நிற்கும் வேந்தனென நிமிர்ந்தான்.

"கேட்டியா தயீசியா? என்ன தெளிவு!"

அன்று மாலை ஷ்மாக்கின் தன் சட்டைகளைத் தானே துவைத்தான்.