வீங்கிய போனும் வர வேண்டிய அழைப்பும்

இன்னும் மூன்று மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. ஐந்து மணிக்குள் வேலைக்கான அழைப்பு வர வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அழைப்பு வர வேண்டிய போனோ, பல்வலிக்காரனின் கன்னம் மாதிரி ஒரு பக்கம் வீங்கி, நான்கு சதவீத சார்ஜோடு சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

ஒன்பது மாதமாக வேலை இல்லாதவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஏங்க, பேட்டரி உப்பியிருக்கு. அணைச்சு வெளியில வைங்க,” என்றாள் மனைவி.

“அணைச்சா கால் எப்படி வரும்?”

“சிம்மை எடுத்து என் போன்ல போடுங்க.”

வீக்கத்தில் சிம் தட்டு மாட்டிக்கொண்டிருந்தது. ஊக்கால் குத்தினார். ஊக்கு உள்ளேயே முறிந்தது.

சார்ஜரில் மாட்டினார். போன் இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். போன் குளிர்ந்தது, சிக்னல் செத்தது. நிமிடத்துக்கொரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“கால் வந்தா முட்டையா எடுத்துப் பேசும்?”

நாலரை மணிக்குத்தான் வெளியே எடுத்தார். போனுக்கும் வியர்த்திருந்தது, அவருக்கும். துடைத்து மறுபடி சார்ஜரில் மாட்டி, வீக்கம் அமுங்கட்டும் என்று ஒரு தடிப் புத்தகத்தை மேலே வைத்தார். ஒரு மாதமாகப் பழுப்பு அட்டை போட்டு, மனைவிக்கும் காட்டாமல், விழுந்து விழுந்து படித்த புத்தகம்.

“அப்படி என்னதான் வேலைங்க அது?”

“கெடைச்சதும் சொல்றேன்.”

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. பாய்ந்தார். அவர் கை எட்டுவதற்குள் புத்தகத்துக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று புகை கிளம்பியது.

மனைவி மெயின் சுவிட்சை அணைத்தாள். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, கதவைச் சாத்தினாள்.

“விடுடி! அவங்கதான் கூப்பிடுறாங்க!”

“பேசாம நில்லுங்க. தீயணைப்புக்குப் போன் போடுறேன்.”

அவர் முகம் வெளிறியது. “ஐயோ, அவங்களை மட்டும் வேண்டாம்! வேற யாரையாவது கூப்பிடு!”

“தீப்பிடிச்சா வேற யாரைங்க கூப்பிடுவாங்க? தையல்காரரையா?”

வண்டி வந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது; சாப்பாட்டு மேசை பாதிதான் மிஞ்சியது. கரிந்த போனும் ஈரப் புத்தகமும் கிடந்த வாளியோடு ஒரு தீயணைப்பு வீரர் வெளியே வந்தார்.

“வேற நம்பர் இருந்தா குடுங்கம்மா, அறிக்கையில எழுதணும். எங்க அதிகாரியும் மத்தியானத்துலேருந்து யாருக்கோ போன் போட்டுட்டே இருக்காரு, லைனே கெடைக்கல. கடைசியா ஒரு தடவை ரிங் போச்சாம், அதுவும் உடனே கட்டாயிடுச்சாம்.”

பேசிக்கொண்டே கருகிய அட்டையை உரித்துத் தலைப்பைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“சார், எங்க அதிகாரி தேடிட்டிருக்கிறது உங்களைத்தானா? திங்கக்கிழமையிலேருந்து எங்களுக்குப் பேட்டரிப் பாதுகாப்பு வகுப்பெடுக்கப் போற வாத்தியார் நீங்கதானா?”