ஒடியலுக்கு ஐந்து புள்ளிகள்

நாய் என்றால் வாசலோடு சரி என்று உருத்திரமூர்த்தி முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்தார். முப்பத்துமூன்றாம் வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாய் அவருடைய மடியில் இருந்தது.

நவம்பர் முடியும் ஒரு சனிக்கிழமை. மனைவி சந்திரகாந்தி வெளியே போய்விட்டு வந்தாள். குளிர்ச்சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். அவர் கையிலிருந்த புத்தகத்தைத் தாழ்த்துவதற்குள் மடியில் வைத்தாள். இரண்டு கை நிறையாத குட்டி. காய்ந்த பனங்கிழங்கின் நிறம்.

"ஒடியல்," என்றாள்.

அது கிழங்கல்ல, குட்டியின் பெயர் என்று அவருக்கு விளங்குவதற்குள் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்துவிட்டது.

மேல்மாடியில் இருக்கும் மெலனியின் நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. ஐந்துக்கு வீடு கிடைத்தது. ஆறாவதற்கு உருத்திரமூர்த்தி கிடைத்தார். வைகாசியில் ஓய்வு பெற்றவர். ஆவணியில் மகள் தேனுஜா படிக்கவென்று ஜெர்மனியின் தெற்கே எர்லாங்கனுக்குப் போனபின் கதிரையை விட்டு எழும்புவதற்கும் ஒரு காரணம் தேவைப்பட்டவர். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரர். நடக்கச் சொன்ன டொக்டரிடம், நடப்பதைப் பற்றித் தான் வாசித்தவற்றை எல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தவர்.

சாரத்தை மாற்றிக்கொண்டு வந்து அவர் வழக்கைத் தொடங்கினார். சாமித்தட்டு இருக்கிற வீடு. தை பிறக்கப்போகிறது. துப்பரவில்லாத வீட்டில் என்னெண்டு பொங்குவது? நாய் வளர்க்கும் முறை பற்றிப் பழைய நூல்கள் என்ன சொல்கின்றன என்பதற்கு அவர் வருமுன் சந்திரகாந்தி குறுக்கிட்டாள்.

"சரி. பொங்கல் மட்டும் பாப்பம்."

நிபந்தனைகளையும் அவளே சொன்னாள். முதல் இரண்டு கிழமை பழகுவதற்கு. அதன்பிறகு குட்டி வீட்டுக்குள் நனைத்தால் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. பொங்கலுக்குள் ஐந்து புள்ளி விழுந்தால் குட்டி, மலைப்பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் மெலனியின் பெரியம்மாவிடம் போகும். சந்திரகாந்திக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஆறுமணி முதல் வேலை; வீடு வர இரண்டு மணியாகும். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் குட்டியை வெளியே கொண்டுபோவது அவர் பொறுப்பு. தாள் பிறிஜ்ஜின் கதவில் இருக்கும். புள்ளி போடுவதும் அவரே.

எதிராளி இவ்வளவு இலகுவாக இறங்கிவந்தால் ஒப்பந்தத்தை இன்னொருதரம் வாசிக்க வேண்டும். உருத்திரமூர்த்தி வாசிப்பதற்குப் பேர்போனவர். அன்றைக்கு வாசிக்கவில்லை. பேனா என் கையில்தானே என்று மட்டும் நினைத்தார்.

கொலோனில் மழையாகப் பெய்வது, அங்கிருந்து ஒரு மணித்தியாலம் மேடேறி அவர்களுடைய சிற்றூருக்கு வரும்போது பனியாகிவிடும். அந்த மார்கழியில் அது முழங்கால் மட்டும் வந்தது. முதல்நாள் ஒடியலைக் கதவடியில் இறக்கி விட்டார். அது ஒரு காலைப் பனியில் வைத்தது. எடுத்தது. மற்றக் காலை வைத்தது. எடுத்தது. நாலு காலையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது என்பதைக் கண்டுபிடித்து, அந்த அநியாயத்துக்கு அவரே பொறுப்பு என்பதுபோல நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஓடி உள்ளே போய் அவருடைய சப்பாத்துக்குள் இருந்தது.

மெலனி மாடியிலிருந்து இறங்கிவந்து சொல்லிக்கொடுத்தாள். ஏசக் கூடாது. ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்தால் ஊரே கேட்க மெச்ச வேண்டும். குட்டி நாங்கள் செய்வதைப் பார்த்துத்தான் பழகும் என்றும் சொன்னாள். இந்தக் கடைசிப் புத்திமதியை உருத்திரமூர்த்தி பெரிதாக எடுக்கவில்லை.

ஒரே சொல் எது என்பதில் அவர் இரண்டு நாள் செலவழித்தார். ஜெர்மன்காரர் சொல்லும் குழந்தைச் சொல் அவருடைய வாயில் ஏறாது. ஊர்ச் சொற்கள் மற்றத் தமிழர் காதில் விழக்கூடாதவை. கடைசியில் "கழிக" என்று முடிவுசெய்தார். வாழ்க, வருக என்பதைப்போல. நாயும் கௌரவம் கெடாமல் செய்யலாம். சொல்பவரும் கெடாமல் சொல்லலாம். காதுமூடித் தொப்பியும், இடது கையில் நாய்ப் பையுமாக, வெண்பனிக்கு நடுவில் நின்று ஒருவர் "கழிக, கழிக" என்று ஓதுவதைத் தபால்காரப் பெண் பார்த்து, ஏதோ பண்டிகை என்று நினைத்துத் தலைகுனிந்து போனாள்.

பத்தாம் நாள் ஒடியல் கழித்தது.

பன்னிரண்டாம் நாள் சொல்லாமலே கழித்தது. பதினான்காம் நாள் கதவைப் பிறாண்டி அவரைக் கூப்பிட்டது.

இப்படி ஒரு மாணவன் எந்த ஆசிரியருக்கும் வாய்த்தால் அவர் மகிழ்ந்திருப்பார். உருத்திரமூர்த்தி கலங்கிப்போனார். புள்ளி போடும் காலம் தொடங்கி மூன்று நாள். தாள் வெள்ளையாக இருந்தது, வெளியே கிடந்த பனியைப்போல.

பதினொரு மணிக்கு அவர் பால் விடாமல் இஞ்சி தட்டிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிப்பார். அன்றும் ஊற்றினார். ஊற்றும்போது நிறத்தைப் பார்த்தார். பிறகு வாசல் கால்மிதியைப் பார்த்தார். சாயம் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. தண்ணீர் கலந்தார். உண்மைக்கு அவ்வளவு சாயம் இல்லை.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அதைக் கால்மிதியின் நடுவில் ஊற்றினார். திரும்பச் சூடாக்கி இளஞ்சூடாக ஊற்றினார், சாட்சியம் என்றால் சூடு ஆறியிருக்கக் கூடாது. ஒடியல் பக்கத்தில் குந்தியிருந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, முழுவதையும் பார்த்தது.

சந்திரகாந்தி வந்தாள். கால்மிதியைப் பார்த்தாள். முழங்காலிட்டு ஒரு பழந்துணியால் ஒற்றி எடுத்தாள். அவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு போய் முதற் புள்ளியைப் போட்டார்.

"என்ன பிள்ளை நீ," என்றாள் அவள் குட்டியிடம். அது வாலை ஆட்டியது. தன் குற்றம் என்னவென்று தெரியாமல் வாலை ஆட்டுகிறவர்களைப் பார்க்க அவருக்கு ஒருமாதிரி இருந்தது. குளிர்தான் என்று நினைத்தார்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன் இரண்டாம் புள்ளி. வருடப் பிறப்புக்கு முதல் மூன்றாவது. ஒவ்வொரு தரமும் அவள் முழங்காலில் இருந்தாள்; புதிய துணி எடுத்தாள்; துடைத்தாள்; துணியைக் கொண்டு, கெலர் என்ற நிலவறைக்கு இறங்கினாள். ஒவ்வொரு தரமும் ஒடியல் பக்கத்தில் இருந்து பாடம் கேட்டது.

இதற்கிடையில் ஒப்பந்தத்தில் இல்லாத சில விஷயங்கள் நடந்தன. தெருவுக்குத் தூவிய உப்பு குட்டியின் பாதத்தில் சுட்டது. அவர் தெருவைத் தாண்டும் இருபது அடியும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பனி அதன் வயிற்றைத் தொட்டது. அவர் பனி வாரும் சவள் எடுத்துப் பின்புல்வெளியில் ஒரு பாயளவு இடத்தை வழித்தார். அங்கிருந்து வேலியடிக்கு ஒரு பாதையும் வழித்தார். பாதை என்று ஒன்று இருந்தால் அது எங்கேயாவது போக வேண்டும் என்பதால், இருவருமாகப் பாலத்தடி மட்டும் போய்வந்தார்கள். ஒருநாள் ஒடியல் பனிக்குவியல் ஒன்றுக்குள் முழுதாகக் காணாமல்போனது. அவர் தொப்பியும் கையுறையும் பறக்கத் தோண்டினார். அது வெளியே வந்து அவருடைய மூக்கை நக்கியது. அன்று அவர் தேத்தண்ணி குடிக்க மறந்துவிட்டார்.

மறுநாள் குடித்தார். மனம் இளகுவது ஓய்வூதியக்காரரின் வியாதி என்று தன்னைத்தானே கண்டித்துக்கொண்டு, மிச்சத்தைக் கால்மிதியில் ஊற்றினார். நாலாவது புள்ளி.

சந்திரகாந்தி இம்முறை துடைத்து முடித்தும் எழும்பவில்லை. குட்டியின் காதைத் தடவினாள்.

"இன்னும் ஒண்டுதான் கிடக்கு, பிள்ளை."

பிறகு சமையலறையில் நின்று தொலைபேசியில் கதைத்தாள். கதவு திறந்திருந்தது. பண்ணையில் நாய்கள் எங்கே படுக்கும் என்று கேட்டாள். மாட்டுக் கொட்டிலிலா என்றாள். அங்கே சூடு போடுவார்களா என்றாள். "ஆ, போடமாட்டார்களா," என்றாள். உருத்திரமூர்த்தி புத்தகத்தின் ஒரே பக்கத்தில் இருந்தார். ஒடியல் அவருடைய காலுறையின்மேல் நாடியை வைத்து உறங்கிக்கொண்டிருந்தது.

தை பிறக்க ஒரு கிழமை இருக்கையில் அவருக்கு டொக்டரைப் பார்க்கும் டெர்மின் நாள் வந்தது. டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டுதரம் பார்த்தார். சீனி இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நடந்தேன் என்றார் உருத்திரமூர்த்தி. இந்தப் பனியிலா என்றார் டொக்டர். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நாலு சிவப்புப் புள்ளிகள் கண்முன் நின்றன. நாலும் தன் கையால் போட்டவை. ஒரு சொல்லை ஒழுங்காகப் படித்த மாணவனை நாலுதரம் தோற்கடித்த ஆசிரியர் வேறு எங்கேயும் இருக்க மாட்டார். அழிக்கலாம், எப்படி விழுந்தன என்று சொல்ல வேண்டும். சொல்லலாம், முப்பத்துமூன்று வருடத்தில் அப்படி ஒரு வசனத்தை அவர் அவளிடம் சொல்லிப் பழகவில்லை.

ஆகவே புனிதமான ஒரு முடிவெடுத்தார். இனித் தேத்தண்ணியைக் குடிப்பது மட்டுமே. பொங்கல் கழிந்தால் குட்டி தப்பியது. கதை தானாக முடியும்.

பொங்கலுக்கு முதல்நாள். கால்மிதி தோய்த்துக் காய்ந்து விறைப்பாகக் கிடந்தது. பின்புல்வெளியில், அவர் வழித்த அந்தப் பாயளவு இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாயளவு வழித்து, காஸ் அடுப்பு வைத்துப் பொங்குவதென்று ஏற்பாடு. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒடியல் நடந்துவந்தது. கால்மிதியின் நடுவில் நின்றது. அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் குறும்பு இல்லை. படித்ததை ஒப்புவிக்க வந்த பிள்ளையின் பார்வை. சரியான நேரத்தில், சரியான இடத்தில், இளஞ்சூடாக ஒப்புவித்தது.

குட்டி நாங்கள் செய்வதைப் பார்த்துத்தான் பழகும்.

அவர் முழங்காலில் விழுந்தார். கையில் அகப்பட்ட துணியால் ஒற்றினார், தேய்த்தார், ஊதினார். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சந்திரகாந்தி கதவைத் திறந்தபோது அவர் துணியும் கையுமாக இருந்தார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவரை அவள் அந்தக் கோலத்தில் கண்டதில்லை.

"என்ன இது?"

"தேத்தண்ணி," என்றார். "கை தவறிப்போச்சு."

அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. முழங்காலில் இருந்தாள். துணியை அவர் கையிலிருந்து வாங்கி மூக்கடிக்குக் கொண்டுபோனாள்.

"இது தேத்தண்ணி இல்லை."

"சத்தியமா தேத்தண்ணி, காந்தி. அந்தச் சீவனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"இதிலை இஞ்சி மணக்கேல்லை," என்றாள். "முந்தின நாலிலையும் மணந்தது."

வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. ஒடியல் இருவருக்கும் நடுவில் வந்து இருந்து, யார் முதலில் மெச்சப்போகிறார்கள் என்று மாறிமாறிப் பார்த்தது.

"தெரிஞ்சுகொண்டோ துடைச்சனீர்?"

"ஓம்."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"ஊத்திற மனுசன் ஒருநாளைக்குத் துடைக்கவும் வருவார்தானே எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் கால்மிதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவருக்கே புதிதாக ஒலித்த ஒரு குரலில், பிழை தன்னுடையது என்றார். புள்ளி ஐந்தையும் தன் பெயரில் எழுதட்டும் என்றார். கொட்டிலில் சூடு இல்லை, குட்டியை அங்கே அனுப்ப வேண்டாம் என்றார்.

"எந்தக் கொட்டில்?" என்றாள் சந்திரகாந்தி. "மெலனிக்குப் பெரியம்மாவே இல்லை."

அவள் எழும்பிப் போய்ப் பிறிஜ்ஜில் இருந்த தாளைக் கழற்றினாள். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். எறியவில்லை என்பதை உருத்திரமூர்த்தி கவனித்தார். அது இனி வாழ்நாள் முழுக்க அங்கேதான் இருக்கும் என்பதும் விளங்கியது. ஒடியலைத் தூக்கிக்கொண்டு அவர் மெதுவாக வெளிக்கதவுப் பக்கம் நகர்ந்தார். அந்த நேரத்தில் வீட்டுக்குள் நிற்பதைவிடப் பனி இதமாகத் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் அவள் பின்னாலிருந்து. "போற வழியிலை இந்தத் துணியையும் கெலரிலை போட்டு, அங்கை வைச்சிருக்கிறதுகளோடை சேத்துத் தோச்சுவிடுங்கோ. மொத்தம் அஞ்சு. ஒண்டுதான் பிள்ளையின்ரை. மற்ற நாலும் உங்கடை."