அராவி உட்கார வைத்த பிராசசர்

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கம்ப்யூட்டரே இருந்தது என்பதால், நலமாக இருப்பீர்கள் என்று நாங்களாகவே நம்பிக்கொள்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் உங்களைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே உங்கள் மாமியார் அதைப் பிடுங்கி, "அவர் சொல்றத மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை, சாப்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறார். நான் இன்னும் எதுவுமே சொல்லியிருக்க மாட்டேன். ஆகவே அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

பேத்தி 'தாத்தா' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று மகள் சொன்னதிலிருந்து, நானும் வாராவாரம் சட்டை மாற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருகிறேன். குழந்தை திரையைப் பார்க்கும், வாயைத் திறக்கும், 'தா' வரைக்கும் வரும், படம் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்தபடி அவள் அங்கே அசையாமல் இருப்பாள், காதைத் திரையோடு ஒட்டிக்கொண்டு நான் இங்கே அசையாமல் இருப்பேன். மறுபடி படம் ஓடும்போது குழந்தை தூங்கியிருக்கும். 'பாட்டி' என்ற சொல் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் போனிலேயே வந்துவிட்டதாக உங்கள் மாமியார் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டார். குழந்தை பால்தான் கேட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இந்த வீட்டில் யார் இருப்பது?

நீங்கள்தான் கை கொடுத்தீர்கள். "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு மாமா. புது பிராசசர் அனுப்புறேன், அதை எடுத்து..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிட்டது. கையைத் தூக்கியபடி எங்களை ஆசீர்வதிப்பதுபோல வெகுநேரம் இருந்தீர்கள். மீதியை நானே புரிந்துகொண்டேன். பார்சலும் வந்தது. சின்னப் பெட்டியில் பிராசசர். கூடவே பழுப்புக் காகிதம் சுற்றித் தட்டையாக ஒரு பெரிய பெட்டி. அதில் என்ன என்று உங்கள் மாமியார் கேட்டார், விளக்கப் புத்தகமாக இருக்கும் என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன் நான். எந்த மெஷினையும் புத்தகம் பார்த்துப் பிரித்ததும் இல்லை, பூட்டியதும் இல்லை. திறக்காமலேயே எடுத்து மானிட்டருக்கு அடியில் வைத்தேன். குனிந்து குனிந்து பிடித்துப்போயிருந்த கழுத்துக்கு உடனே நிம்மதி. நீங்கள் அனுப்பியதில் இதுவரை உருப்படியாக வேலை செய்வது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டரைப் பிரித்தேன். உள்ளே மதர்போர்டு என்று ஒரு பச்சைப் பலகை, அதன் நடுவே பிராசசர் உட்காரச் சதுரமாக ஒரு சாக்கெட், அதன்மேல் அமுக்கிப் பிடிக்கும் மூடி. மூடியைத் தூக்கிப் பழையதை எடுத்தேன். சாக்கெட்டுக்குள் பொன்னிறத்தில் கம்பி கம்பியாக, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுக்கு நெருக்கம். பழையதையும் புதியதையும் வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். நீளமும் ஒன்றே, அகலமும் ஒன்றே. ஓரத்தில் இருக்கும் பள்ளம் மட்டும் புதியதில் கொஞ்சம் தள்ளி இருந்தது. சாக்கெட்டில் முளை ஒரு இடத்தில், பிராசசரில் பள்ளம் வேறு இடத்தில். மாப்பிள்ளை பார்க்காமல் வாங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் இந்த வீட்டில் அதை வைத்துக்கொள்ள இடமில்லை. கம்பெனியில் எவனோ தூக்கக் கலக்கத்தில் பள்ளத்தை மாற்றி வெட்டிவிட்டான் என்று முடிவு செய்து ஊசி அரத்தை எடுத்தேன். உங்கள் பொருளில் கை வைக்கவில்லை. மாப்பிள்ளை கொடுத்ததை நான் அராவினால் உங்கள் மாமியார் என்னை அராவிவிடுவார். சாக்கெட்டின் முளையைத்தான் அராவினேன். தூளை ஊதினேன். பிராசசர் கச்சிதமாக உட்கார்ந்தது. தட்ட வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் ஒரு தட்டுத் தட்டினேன். பழக்கம். சூட்டைக் கடத்த மேலே வைக்கிற பசை காய்ந்திருந்ததால் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸைக் கொஞ்சம் தடவினேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. அதோடு சரி. திரை கரேலென்று இருந்தது, அதில் என் முகம்தான் தெரிந்தது. மாப்பிள்ளை அனுப்பியது எப்படிக் கெட்டுப்போகும், நீங்கள்தான் ஏதோ செய்துவிட்டீர்கள் என்று உங்கள் மாமியாரிடமிருந்து எனக்குத் தீர்ப்பு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத யாருங்க அராவினது?"

நான்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"வேலை சுத்தமா இருக்குங்க. போர்டுதான் போயிடுச்சு."

அப்புறம் விளக்கினார். பழைய சாக்கெட்டில் மின்சாரம் தொடுகிற புள்ளி ஆயிரத்து நூற்றைம்பத்தொன்றாம், நீங்கள் அனுப்பியதில் ஆயிரத்து இருநூறாம். நாற்பத்தொன்பது புள்ளி அதிகம். அவை எங்கே போய் உட்காரும் என்று என்னையே கேட்டார். பள்ளத்தைத் தள்ளி வெட்டியது தூக்கக் கலக்கத்தில் இல்லையாம், என்னைப்போல ஒருவன் தப்பாக மாட்டிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வெட்டியதாம். மாப்பிள்ளை, எங்கள் தொழிற்சாலையில் பத்து எம்.எம். போல்ட்டுக்குப் பத்து எம்.எம். நட் சேரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய போல்ட்டுக்கு, ரிட்டையரான அன்று வாங்கிய நட்டும் சேரும். இங்கே என்னடா என்றால் அதே கம்பெனி, அதே அளவு, பார்க்கவும் ஒரே மாதிரி, ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிட்டுப் பலகையையும் சேர்த்து வாங்கு என்கிறார்கள். புதுத் தொப்பி வாங்கினால் தலையையும் மாற்றச் சொல்லுகிற வியாபாரம் இது. அனுப்பியவர் கூடவே போர்டு அனுப்பவில்லையா என்று கடைக்காரர் கேட்டார். அனுப்பியிருந்தால் வந்திருக்குமே என்றேன். அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களை நினைத்துப் பாவப்பட்டார் என்று நினைக்கிறேன்.

பெண் கொடுக்கும்போது உங்களைப் பற்றி எவ்வளவோ விசாரித்தோம். குணம், வேலை, சிகரெட் உண்டா இல்லையா எல்லாம் விசாரித்தோம். கம்ப்யூட்டர் படித்தவர் என்று சொன்னார்கள், சரி என்று விட்டுவிட்டோம். சாக்கெட் பார்த்து வாங்கத் தெரியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. நான் போர்டுக்காக அழவில்லை. குழந்தை 'தாத்தா' என்று சொல்லிச் சலித்து, அதை நான் கேட்காமலேயே அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவாளோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மகளுக்கு என் ஆசிகள். பேத்திக்கு முத்தங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், நிறைந்த செல்வமும், எதை வாங்கினாலும் அதன் எண்ணைப் படித்துப் பார்க்கும் பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் இல்லாத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உங்கள் மாமியார் மேஜையைத் துடைக்க வந்தார். மானிட்டரைத் தூக்கச் சொன்னார். அடியில் இருந்த பெட்டியின் காகிதத்தைக் கிழித்தார். உள்ளே வெள்ளி நிறப் பைக்குள் புத்தம் புது மதர்போர்டு. பெட்டியின் மேலேயே ஆயிரத்து இருநூறு என்று பெரிதாகப் போட்டிருந்தது. "இதுதான் புக்கா?" என்று மட்டும் கேட்டார். கம்ப்யூட்டரையும் போர்டையும் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். நல்லவேளை, பிராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரீஸைத் துடைத்துப் புதுப் போர்டில் வைத்ததும் தானாகவே உட்கார்ந்தது. தட்டவில்லை, கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். உங்கள் மாமியார் முழுக்கப் படித்துவிட்டு, ஒரு வரிகூட அடிக்காமல் மாப்பிள்ளைக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று பக்கத்தில் நிற்கிறார். 'பாட்டி' விஷயத்தில் என் சந்தேகத்தையும் வாபஸ் வாங்கச் சொல்கிறார், வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது மகளோடு பேசினோம். படம் நிற்கவே இல்லை. குழந்தை வாயைத் திறந்து 'தாத்தா' என்று முழுசாகக் கூப்பிட்டுவிட்டாள். ஆனால் பெட்டி போனதில் மானிட்டர் தாழ்ந்து, கூடவே அதன்மேல் இருக்கிற கேமராவும் தாழ்ந்துவிட்டது. நிமிர்ந்தால் சட்டைப் பொத்தான்தான் தெரிகிறதாம், குனிந்தால் வழுக்கை. அவள் தாத்தா என்று கூப்பிட்டது என் இரண்டாவது பொத்தானை. நானும் பொத்தான் இருந்த இடத்திலிருந்தே "என்னம்மா" என்றேன். தாத்தா என்று கூப்பிடும்போது என் முகத்தையும் அவள் ஒருமுறை பார்க்கட்டும். அதே கனத்தில் இன்னொரு பெட்டி அனுப்பி வையுங்கள் மாப்பிள்ளை. இந்தத் தடவை உள்ளே புத்தகமே இருக்கட்டும், எப்படியும் திறக்கப்போவதில்லை.