முழு மங்கையையும் கூட்டிட்டு வாங்க

காசிமேடு,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் வெற்றி அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் தண்டபாணி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். பஹ்ரைனில் தாங்களும் அங்குள்ள கடலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் மங்கை காதில் விழும், அதனால் கடிதம்.

விஷயம் என்னவென்றால், தங்கள் தங்கைக்கு இரண்டு மாதமாகக் குரல் இல்லாமல் இருந்தது. மீன் ஏலத்தில் அவள் கூவினால் எர்ணாவூர் வரை கேட்கும் என்பது தாங்கள் அறிந்ததே. அந்தக் குரல் ஒருநாள் வெறும் காத்தா ஆயிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன் மச்சான், மொத வாரம் வூடு அமைதியா கீதேன்னு சந்தோஷப்பட்டேன். ரெண்டாவது வாரம் ஏலத்துல அவ எடத்துல வேற பொம்பள நின்னுச்சு. மங்கை கூடைக்குப் பின்னால குந்திகினு அதையே பாத்துகினு இருந்தா. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். தொண்டை டாக்டர் உள்ள கேமரா வுட்டுப் பாத்துட்டு, "தொண்டை நல்லாதான் இருக்கு, மனசைப் பாருங்க"ன்ட்டார்.

அப்டித்தான் கல்மண்டபத்துல மாடி மேல கவுன்சிலிங் குடுக்குற டெபோரா மேடம்கிட்ட போனோம். "வரதன்னு நம்ம தோஸ்து, எங்கியோ மூச்சுப் பயிற்சி கத்துக்கினு நல்லாயிட்டான். அதையே இவளுக்கும் குடுத்துடுங்க"ன்னேன். "அவர் வேற, இவங்க வேற. நீங்க தொண்டையை மட்டும் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அடுத்த வாட்டி முழு மங்கையையும் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. மிச்சத்த வூட்லயா வுட்டுட்டு வந்தேன்?

அப்பால கேட்டாங்க பாரு கேள்வி! எப்போ எழுந்திருப்பா, எப்போ சாப்புடுவா, யாரோட சிரிச்சுப் பேசுவா... அவ எழுதி எழுதிக் காட்டினா. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்துறேன், அவ வெறும் வயித்தோட ஏலத்துக்குப் போறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். ஒருநாள் விடிகாலைல அந்தம்மா மீன்பிடித் துறைமுகத்துக்கே வந்து, ஐஸ் தண்ணில கால் நனைய, மங்கை பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னாங்க.

நாலாவது வாட்டி மேடம் அவளக் கேட்டாங்க: "குரல் போறதுக்கு முன்னாடி, இவரு போன மீன்பிடி போட்டு இஞ்சின் நின்னு நாலு நாள் கடல்ல மாட்டிக்கிச்சே, அப்போ நீங்க எப்படி இருந்தீங்க?" மச்சான், கரைக்கு வந்ததும் ஊரே என்னைச் சுத்தி நின்னு கத கேட்டுச்சு. டீக்கடைல நாப்பது வாட்டி சொல்லிக்கீறேன். அவள யாருமே கேக்கல. நானும் கேக்கல. அந்த நாலு நாளும் போட்ல இருந்த மத்தவங்க பொண்டாட்டிங்கல்லாம் அவ தோள்ல வுயுந்து அழுதாங்களாம். இவ ஒரு சொட்டு அழாம எல்லாருக்கும் கஞ்சி காச்சி ஊத்தினாளாம். இதெல்லாம் அவ அப்போதான் எழுதிக் காட்டினா. மேடம் என்னை வெளிய போவச் சொன்னாங்க. தைரியமாத்தான் நின்னேன். கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் உள்ளேர்ந்து மங்கை குரல்! கல்மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. மாத்திரை இல்ல, ஊசி இல்ல, ஒரே ஒரு கேள்வி! இன்னா மனுஷி மச்சான் அது!

இப்போ ஏலத்துல அவதான். வூட்லயும் அவதான்.

வடிவுடையம்மன் தங்களுக்குக் கடல் மேலும், தங்கள் வீட்டு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கரை மேலும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தண்டபாணி

பி.கு.: மங்கை இதப் படிச்சுட்டா. "கேள்வியால ஒண்ணும் எனக்குக் குரல் வர்ல. கதவுக்கு வெளிய நீ தேம்பித் தேம்பி அழுதது கேட்டுச்சு. 'இன்னாயா ஆச்சு உனக்கு'ன்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன். ஒழுங்கா மாத்தி எழுது"ன்றா. மேடம்கிட்ட எனக்கும் வியாழக்கிழமை நேரம் வாங்கி வெச்சுட்டா. உள்ள நீயும் வாடின்னு கேட்டேன். வெளிய நிக்கிறேன்றா.