கரியர் இல்லாத சைக்கிள்

கல்லடி,
2009 ஆனி.

மெல்போனில் இருக்கும் அன்புள்ள பிலிஸ் அன்ரிக்கு,

ஆண்டவர் கிருபையால் டடியும் மம்மியும் நானும் சுகம். நீங்களும் இயன் அங்கிளும் அந்தக் குளிரில் நடுங்காமல் இருக்க ஒவ்வொரு ஞாயிறும் செபிக்கிறோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் இதில் கால்வாசியும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று சைக்கிள் படங்களும் கிடைத்தன. மெல்லிய டயர் போட்டது கல்லடி மணலில் ஊசி போல இறங்கிவிடும் என்று மம்மி சொன்னார். தடித்த டயர் போட்டது உழவு மெசினுக்குத் தங்கச்சி போல இருக்கிறது. எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளதுதான். தார் ரோட்டிலும் ஓடும், மணலிலும் ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். டடி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ரெண்டுங்கெட்டான்" என்றார். ஆனால் அன்றிலிருந்து அந்தப் படம் அவருடைய தலையணைக்குக் கீழேதான் கிடக்கிறது. அதற்குப் பின்னுக்கு ஆள் குந்துகிற கரியர் தனியாகப் பூட்ட வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அன்ரி. தயவுசெய்து வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்க வேண்டாம்.

இப்போது நான் ஓடுகிற பழைய சைக்கிளை நீங்கள் பார்த்ததில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு வாவிக்கரைக் கண்டல் மரமொன்றில் தலைகீழாகத் தொங்கியது அது. யாருடையது என்று டடி ஊரெல்லாம் விசாரித்தார், ஒருவரும் வரவில்லை. பிறகு செயின் மாற்றி, டயர் மாற்றி, எனக்குத் தந்தார். கரியர் மட்டும் உப்பில் இறுகிப்போய்க் கழலவே இல்லை. அதில்தான் பாலம் கடந்து மட்டக்களப்பு ரவுணுக்கு, ஸஹீதா அக்காவின் தையல் கடைக்குப் போய் வருகிறேன். இவ்வளவு காலமும் ஒரு கரைச்சலும் இல்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன கிழமைதான் தொடங்கியது.

ஓடுகிற சைக்கிளில் ஒருவர் பின்னால் ஓடிவந்து தொற்றி ஏறினால் ஹாண்டில் ஒருதரம் ஆடுமே, பாலத்துக்கு முந்திய வளைவில் அப்படி ஆடியது. பிறகு பாரம். பாலம் முழுக்க மூச்சு வாங்க மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் பேச வேண்டி வரும். முன்பின் தெரியாத ஒருவரிடம் "இறங்குங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும்; பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பாலத்தடிச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரர் கையைக் காட்டினார்.

"ரெண்டு பேரும் எறங்கு."

"நான் தனியத்தான் சேர்."

"பொய் வேணாம். பின்னால நங்கி இருக்கு, சின்ன தங்கச்சி. தலை எல்லாம் ஈரம். ஐசி எங்க?"

என் ஐசியை எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவரே, சின்னப் பிள்ளைக்கு அடையாள அட்டை தேவையில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கரியர் பக்கம் நீட்டினார். அது நீட்டியபடியே இருந்தது. தன் தங்கைக்கும் இப்படி நீளத் தலைமுடிதான், மாத்தறைப் பக்கம் கடற்கரையில் வீடு என்றார். கடல் வந்த அன்றும் அவள் வீட்டில்தான் நின்றாளாம்.

இதை நான் வீட்டில் மறைத்தேன். ஆனால் மீன் விற்கும் அன்னப்பூரணி அக்கா கூடையை இறக்கி வைத்ததும் மம்மியிடம் வேறொன்று சொன்னார்.

"டெனீஸக்கா, உங்கட புள்ள ஒரு பொடியன ஏத்திட்டுத் திரியிறா. வெள்ளச் சேட்டு. பொம்புளப் புள்ளைக்கு இது சரிவருமா?"

மம்மி மீனை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார். "ஆரடி அவன்?"

"ஆருமில்ல மம்மி."

"ஆருமில்லாதவனுக்கு வெள்ளச் சேட்டு ஆரு தோச்சுக் குடுத்த?"

டடி என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பின் டயரைத் தடவினார். நூல் தெரியத் தேய்ந்திருந்தது, கம்பிகளும் உடைந்திருந்தன. "ஒல்லிப் பொடியன் இல்ல" என்றார். மம்மி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இந்தக் கிழமை முடிந்ததும், பின்னுக்கு ஆள் குந்த இடமிருக்கிற சைக்கிளில் நான் வேலைக்குப் போகக் கூடாது, வீட்டோடு கிடக்க வேண்டும். அன்ரி, தையல் கடையில் மெசின் சத்தத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை. உலகத்தில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் அன்னப்பூரணி அக்கா வளைவில் என்னை மறித்தார். இன்னும் ஏசப் போகிறார் என்று பயந்தேன்.

"புள்ள, நான் கொம்மாட்டச் சொன்னது பிழைதான். அந்தப் பொடியன்ட முகம் எனக்கு வடிவாத் தெரியல்ல. நாளைக்கு இதால கொஞ்சம் மெல்லமாப் போறியா?"

அவருடைய மகன் திவாகரன் முந்தின வருஷம் ஒருநாள் வெள்ளைச் சேட்டுப் போட்டு வேலைக்குப் போனவர், இன்னும் வரவில்லை. நான் தலையாட்டினேன். ஆனால் மறுநாள் பயத்தில் வேகமாகத்தான் மிதித்தேன். அவர் கூடையை இறக்காமல் ரோட்டோரம் நின்றார்.

ஆகையால், நாளைக் காலை பழைய கரியரை வாளால் அறுத்துவிடுவதாக டடி சொல்லியிருக்கிறார். புதிய சைக்கிளும் மொட்டையாகவே வரட்டும். இடமில்லாவிட்டால் யார் ஏறுவது?

இயன் அங்கிளுக்கு எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் நோவுக்காக மம்மி மாதா சுருவத்தடியில் மெழுகுதிரி கொளுத்தினார். காற்று அணைத்துவிட்டது, மறுகா இன்னொன்று கொளுத்தினார். மாதா உங்கள் இருவரையும் காப்பாராக.

இவ்வளவு பேசிவிட்டதற்கு வெட்கப்படும்,
உங்கள் மருமகள்
சாஷா

பி.கு: உறையை ஒட்டுமுன் இதையும் எழுதுகிறேன். இன்று காலை டடி கரியரை அறுத்தார். வளைவில் ஹாண்டில் ஆடவில்லை. சைக்கிள் பஞ்சு போல ஓடியது, பாலத்தில் நான் மெதுவாகப் பாட்டுக்கூடப் பாடினேன். சென்றியில் அதே ஆமிக்காரர். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நில்லு. நங்கி நடந்து வருது. கால்ல செருப்பு இல்ல. ஏன் ஏத்தல்ல?"

முதல்தரமாகத் திரும்பிப் பார்த்தேன். பாலம் வெறுமையாகக் கிடந்தது. காலை வெயிலே தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. என்றாலும், "சரி, வந்திட்டு, இப்ப போங்க" என்று அவர் சொல்லும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அதில் ஏற மனம் வரவில்லை. கடைவரை உருட்டிக்கொண்டே நடந்தேன், கொஞ்சம் மெல்லமாக.

கரியர் பூட்டியே அனுப்புங்கள் அன்ரி. மம்மியிடம் நானே பேசுகிறேன்.