அப்பா ஒளித்துவைத்த காலுறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் கடைசிக் கவளம் இருக்கும்போதே அப்பா எழுந்து நின்று அறிவித்தார். "அடுத்த மாசம் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துல நான் ஓடப்போறேன்." தொண்டையைக் கனைத்து, கடைசிச் சொல்லை மாலை போடுவதற்கு நிறுத்திவைப்பது போல இழுப்பார். அதே குரலில் நான் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அப்பாதான் என்று நினைத்து "வாங்க சார்" என்று கதவைத் திறப்பார்.

காரணம் அவர் வேலை பார்க்கும் அச்சகம். அங்கே எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். காகிதம் வெட்டுகிறவர் அப்பாவிடம், "சார், நீங்க கைதட்ட வந்துடுங்க, நாற்காலி போட்டு வைக்கிறோம்" என்றாராம். அந்த நாற்காலி அப்பாவின் நெஞ்சிலேயே கால் ஊன்றிவிட்டது.

அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒரு சட்டம் போட்டாள். "ஓடுங்க. கால் வீங்குச்சுன்னா அன்னிக்கே நிறுத்திடணும்."

நாலாம் நாள் வீங்கியது. நாளெல்லாம் எந்திரத்தின் முன் நிற்கிற கால், போதாததற்குக் காலையில் ஓட்டம். சாயங்காலமானால் கணுக்கால் எங்கே இருக்கிறது என்று விரலால் அழுத்தித் தேட வேண்டும். அப்பா வீட்டுக்குள்ளும் முழுக்கால் சட்டையோடு திரிந்தார். மருந்துக்கடையில் இறுக்கிப் பிடிக்கும் காலுறை ஒரு ஜோடி வாங்கி, என் பள்ளிப் பையில் பதுக்கினார்.

"என்ன சைஸ்னு கேட்டாங்களாப்பா?"

"ஷூ சைஸைச் சொன்னேன். ரெண்டும் ஒரே கால்லதானே போடறோம்."

தினமும் காலையில் குளியலறையைத் தாழிட்டு அதோடு மல்லுக்கட்டினார். பிடி வழுக்காமலிருக்க, அம்மா பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைக் கடத்திக் கொடுத்தேன். பவுடர் டப்பா பாதி காலி. மேலே ஏறாத பகுதியை அப்படியே மடித்துவிடுவார். அது கயிறு கட்டியது போல முட்டிக்குக் கீழே கவ்வும்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வெளியே நின்று அம்மா குரலில், "உள்ள என்ன பண்றீங்க, தண்ணி சத்தமே காணோம்" என்பேன். உள்ளே வாளி உருளும். "துவட்டிட்டு இருக்கேம்மா." மூன்று நாள் வாளி உருண்டது. நாலாம் நாள் சிரித்துத் தொலைத்து மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நான் கூடத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நிஜ அம்மா கையுறையைத் தேடிக் குளியலறைப் பக்கம் போனாள்.

"உள்ள என்ன பண்றீங்க?"

"போடி கழுதை. இன்னிக்கு ஏமாற மாட்டேன். கால் வீங்கறது உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என் ஓட்டம் போச்சு. இந்த சாக்ஸ் அவ கண்ணுல பட்டா நானே போச்சு. ஒழுங்கா வாசல்ல காவல் நில்லு."

நான் சீப்பைக் கடித்துக்கொண்டேன். அம்மா மூக்கைச் சுருக்கி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி, "சரிப்பா" என்றாள்.

அச்சு அசல் என் குரல். இந்தத் திறமை எனக்கு வானத்திலிருந்து விழுந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மா சண்டை போடவில்லை. தன்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் பிசியோதெரபி அக்காவைக் கேட்டாள். "ரெண்டு காலும் ஒரே மாதிரிதானே வீங்குது? வலி இல்லையே? அப்ப ஓடட்டும். காலையில வீக்கம் வத்தியிருக்கும்போது கணுக்கால், கெண்டைக்கால் ரெண்டையும் அளந்து வாங்குங்க. மேல மடிக்கவே கூடாது."

மறுநாள் விடியலில் அப்பா குறட்டை விட, அம்மா நாடா பிடிக்க, நான் எழுதினேன். இரண்டு நாளில் அதே நிறத்தில் புது ஜோடி பைக்குள் வந்தது. பழையது அம்மாவிடம் போனது.

காலுறை ஐந்தே நிமிடத்தில் ஏறிவிட்டது. வீக்கமும் வடிந்தது. "பார்த்தியா? மன உறுதிக்கு முன்னால துணி என்ன பண்ணும்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அம்மா, தைத்த துணிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினாள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். திரும்பும்போது வியர்வையில் குளித்திருப்பாள். "எல்லாரும் ரொம்ப தூரத்துல இருக்காங்க" என்பாள். அப்பா கவனிக்கவில்லை. அவருக்கு மன உறுதியைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

ஓட்டத்தன்று அப்பா ஓடினார், நடந்தார், மறுபடி ஓடினார். காகிதம் வெட்டுகிறவருக்கு இரண்டடி முன்னால் கோட்டைத் தாண்டினார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மூச்சு வாங்க என் காதில், "உங்கம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியல பாத்தியா" என்றார்.

பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அச்சகத்தார் போட்டுவைத்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சட்டையில் ஓட்டக்காரர் எண். நீட்டிய கால்களில், அப்பா முதலில் வாங்கிய அதே காலுறை.

"நீ எப்ப வந்தே?"

"நீங்க வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி."

அப்பா அம்மாவின் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல," என்றாள் அம்மா, "நீங்க வாங்கிட்டு வந்து எனக்கு அளவு சரியா இருந்தது இது ஒண்ணுதாங்க."